லத்தீன் தண்ணீர்

சிப்பித்துறை இளங்குருமடத்தின் லத்தீன் வகுப்பில் தரையைப் பிளந்துகொண்டு நல்ல தண்ணீர் வந்த கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பற்றியே சொல்கிறார்களே ஒழிய, அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்த ஒன்பது பயல்களில் ஒருத்தன்கூட வீட்டுப்பாடம் செய்துவிட்டு வரவில்லை என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். சிங்கராயர் சாமிக்கு ஆத்திரமே அங்கேதான் தொடங்கியது. தண்ணீர் பிறகுதான் வந்தது.

பாவம், அவர் இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஊரில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார். வள்ளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உப்பளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் சாமியாராகப் போகவேண்டும் என்று ஆசையோடு வந்து சேருவார்கள், வந்த இடத்தில் லத்தீனும் படிக்கவேண்டும் என்று தெரிந்ததும் முகம் செத்துப்போவார்கள். பூசையெல்லாம் தமிழுக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டதே, இனி இது எதுக்கு ஃபாதர் என்று வருஷத்துக்கு ஒருத்தன் கேட்பான், அவர் வருஷத்துக்கு ஒருமுறை அதே பதிலைச் சொல்லி வயிறெரிவார். பரீட்சைக்கு முந்தின மாதம் திருப்புதல் பாடத்துக்கென்று ஒரு பழைய ரோமாபுரிக் கவிதை வைத்திருந்தார். எழுதினவன் பேர் யாருக்கும் தெரியாது. எட்டே வரிதான், ஆனால் பயல்கள் வருஷம் முழுக்கப் படித்த வார்த்தைகளும் வேற்றுமைகளும் வினைச்சொற்களும் எல்லாம் அந்த எட்டு வரிக்குள் வந்துவிடும். கடும் கோடையில் ஒருத்தன் கல்லுப் பூமியில் கிணறு வெட்டுகிறான். வெட்டி வெட்டி அலுத்து, இங்கே ஈரமே இல்லை, கயிற்றை இழுத்து என்னை மேலே ஏற்று என்கிறான். மேலே நிற்கும் பெண்டாட்டி, இன்னும் ஒரு முழம் தோண்டு என்கிறாள். அதோடு கவிதை முடிந்துவிடும். தண்ணீர் வந்ததா வரவில்லையா என்று எழுதினவன் சொல்லவில்லை.

இந்தக் கவிதைக்குச் சாமி தன் இளவயதில் சுத்தமான செந்தமிழில் ஒரு மொழிபெயர்ப்புச் செய்து, அதை அச்சடித்து நோட்ஸாகவும் கொடுத்திருந்தார், அதுதான் அவர் செய்த வினை. வருஷா வருஷம் பயல்கள் கவிதையைப் பார்க்கவே மாட்டார்கள், நோட்ஸை உருப்போட்டு, அச்சில் விழுந்த பிழை உட்பட அப்படியே எழுதிவைப்பார்கள், மற்றக் கேள்விகளில் முட்டை வாங்குவார்கள். போன வருஷம் இரண்டே பேர் பாஸ். இந்த வருஷம் ஆயர் இல்லத்திலிருந்து முடிவாகவே சொல்லிவிட்டார்கள்: ஆறு பேராவது தேறவேண்டும், இல்லையென்றால் லத்தீனை எடுத்துவிடுவோம், நீங்கள் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மேற்பார்வைக்குப் போகலாம். மேற்பார்வை என்றால் என்ன, சிமெண்ட் மூட்டை எண்ணுவது. லத்தீனைத் தவிர வேறொன்றும் தெரியாத, வேறொன்றையும் நேசிக்காத மனுஷரைக் கொண்டுபோய்ச் சிமெண்ட் எண்ணச் சொன்னால் அவர் என்ன ஆவார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு அவர் கேட்டார், கவிதையை யார் வாசித்துக்கொண்டு வந்தீர்கள் என்று. ஒன்பது தலையும் குனிந்தது. கடைசி பெஞ்சில் சிலுவைராசன் இருந்தான், நோட்ஸைக்கூட உருப்போடாதவன், அவ்வளவு சோம்பேறி. அவனை எழுப்பி, ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துச் சொல்லு, சொல்லாமல் உட்காராதே என்று நிறுத்திவிட்டார். அவன் புத்தகத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், விரலை ஒவ்வொரு வார்த்தைமேலும் வைத்து நகர்த்தி நகர்த்தி, வேர்த்து விறுவிறுத்துச் சொன்னான்: "ஏட்டி, கயித்தை இழு, இதுக்குள்ள ஒரு எழவும் இல்ல. அதுக்கு அவ மேல நின்னுக்கிட்டே சொல்லுதா, இன்னும் ஒரு முழம் தோண்டிட்டு ஏறும்வே, வெறுங்கையோட வந்தா சோறு கிடையாது."

"சோறு எங்கேயிருந்துலே வந்தது?" என்று சாமி கத்தினார். "எட்டு வரியில் எங்கேலே சோறு இருக்கு? காட்டு."

அவன் காட்டுவதற்குள் கரும்பலகைக்கு அடியில் தரை விரிந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறி வந்து சாமியின் அங்கியை முழங்கால்வரைக்கும் நனைத்துவிட்டது. பயல்கள் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டார்கள். சாமி தண்ணீரைப் பார்த்தார், அங்கியைப் பிழிந்தார், பிறகு, சோறு எங்கே என்று இன்னொரு தரமும் கேட்டார்.

சிப்பித்துறைக்கு நல்ல தண்ணீர் கிடையாது. எங்கே குழாய் இறக்கினாலும் கரிக்கும், லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் குருமடத்துக்குள் நல்ல தண்ணீர் வந்தது என்றால் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் மணி அடிக்கும் முன்னே வகுப்பு வாசலில் பச்சையும் நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன, குடத்துக்குப் பின்னால் பெண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள், வரிசைக்குத் தலைமை தாங்கிக் கித்தேரியம்மா நின்றாள். மீன் ஏலம் கூறுகிறவள் அவள், குரல் கடல்வரைக்கும் போகும். எப்படி வந்தது, ஏன் வந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தி கேட்கவேண்டுமே. கேட்டதெல்லாம் எத்தனை மணிக்கு வகுப்பு என்பதும், ஞாயிற்றுக்கிழமை உண்டா என்பதும்தான்.

"இது பள்ளிக்கூடம் அம்மா, பைப்படி இல்லை" என்றார் சாமி.

"நீங்க பாட்டுக்கு நடத்துங்க சாமி, நாங்க பாட்டுக்குப் பிடிச்சிட்டுப் போறோம்" என்றாள் கித்தேரியம்மா. "யாரைப் பேசச் சொல்லப்போறிய? அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையை எழுப்புங்க, அவன் நல்லாச் சொல்லுதானாமே."

நல்லாச் சொல்லுகிறானாம். சாமிக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்து ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள், வேறு ஊராக இருந்தால் இந்தப் புத்தி வந்திருக்காது. சிப்பித்துறைக்காரர்களுக்கு ஒன்று பலித்துவிட்டால் அதை உடனே ஒன்பது நாள் ஓதும் நவநாள் செபமாக்கிவிட வேண்டும். உபதேசியார் தொம்மை, கோயில் மணி அடிப்பதிலிருந்து கொடிமரத்துக்குப் பெயின்ட் அடிப்பதுவரைக்கும் அவர் பொறுப்புத்தான், சிலுவைராசன் சொன்னதைச் சோறு உட்பட அட்டையில் அச்சடித்து, மேலே மாதா படம் போட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் மைக் கட்டி, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக, ஏட்டி கயித்தை இழு, இதுக்குள்ள ஒரு எழவும் இல்ல என்று ஒரு கட்சி உருக்கமாகச் சொல்ல, இன்னும் ஒரு முழம் தோண்டிட்டு ஏறும்வே என்று மறுகட்சி கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்ல, ஊரே ராகம் போட்டு ஓதிற்று. ஒரு சொட்டு வரவில்லை. பக்தி போதவில்லை என்று மறுநாள் முழங்காலில் நின்று ஓதினார்கள், அன்றைக்கும் வரவில்லை. அந்தக் குற்றத்தையும் கொண்டுவந்து சாமி தலையிலேயே போட்டார்கள்: பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பாடம் எடுத்தால் தண்ணீர் ஏன் நிற்கப்போகிறது?

வகுப்பில் சிலுவைராசனே முதல்நாள் சொன்னதை மறுபடி சொல்லிப் பார்த்தான், தரை காய்ந்தே கிடந்தது. பக்கத்துப் பெஞ்சுப் பயல் எரிச்சலில் புத்தகத்தை இழுத்து, தானாக வார்த்தை வார்த்தையாகப் பார்த்து வேறுமாதிரி ஒன்று சொன்னான், தண்ணீர் வந்தது. இப்படித்தான் அந்தத் தண்ணீரின் குணம் ஊருக்கு விளங்கிற்று. லத்தீனைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும், எழுதினாலும் சரி, ஏற்கெனவே ஒருத்தர் சொன்னதைச் சொல்லக்கூடாது, தான் நேற்றுச் சொன்னதையும் சொல்லக்கூடாது. ஒரு மொழிபெயர்ப்புக்கு முப்பது குடம் வரும், ஒருநாளைக்கு ஒருதரம்தான். வேற்றுமையில் தப்பு விட்டால் தண்ணீர் கரிக்கும், ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டால் கலங்கி வரும். சிலுவைராசன் ஒருநாள் யார் மேலே யார் கீழே என்பதையே மாற்றி, பெண்டாட்டியைக் கிணற்றுக்குள் இறக்கிப் புருஷனை மேலே உட்காரவைத்துவிட்டான், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. சாமி தலையில் அடித்துக்கொண்டார். "அதுல என்ன சாமி தப்பு, நடக்கிறது அதுதானே" என்றாள் சன்னலுக்கு வெளியே ஒருத்தி.

அதன் பிறகு சாமிக்கு வகுப்பு என்று ஒன்று இருந்ததா என்ன? அவர் ஒரு வினைச்சொல்லைக் கேட்டால் பயல் வாயைத் திறக்கும் முன்னே சன்னல் பக்கமிருந்து இருபது பெண்டுகள், ஃபோதியோ, ஃபோதெரே, ஃபோதி, ஃபோஸும் என்று தோண்டுவதற்குள்ள வினைச்சொல்லை ஏலம் கூறுவதுபோலக் கூறுவார்கள். மனைவிக்கு உக்ஸோர், தண்ணீருக்கு ஆக்வா, கிணற்றுக்குப் பூத்தேயுஸ் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. பெண்டுகளும் ஆளுக்கொரு மொழிபெயர்ப்புச் சொல்லிப் பார்த்தார்கள்தான், ஆனால் அவர்கள் கவிதையை விட்டுவிட்டு வீட்டுக் கதையைச் சொன்னதால் ஒன்றும் வரவில்லை. ஆகவே ஊர் முழுக்க அந்த ஒன்பது பயல்களையே பிடித்துக்கொண்டது. தெருவில் பந்து விளையாடினால் பிடித்து இழுத்துவந்து, வார்த்தை படிச்சியாலே என்று கேட்டார்கள். வஞ்சிர மீனும் நண்டும் பொரித்துக் கொண்டுவந்து, தின்னுட்டு நாலாம் வேற்றுமையை ஒருதரம் பாத்துக்கிடு மக்கா என்று தலையைத் தடவினார்கள். எத்தனையோ வருஷமாகச் சாமி திட்டியும் கெஞ்சியும் நடக்காதது நண்டுக்கு நடந்தது. பயல்கள் படித்தார்கள். நாளுக்கு ஒரு புது மொழிபெயர்ப்பு வேண்டுமே, படிக்காமல் என்ன செய்வார்கள்? அகராதியைப் புரட்டிப் புரட்டி ஓரம் கிழிந்தது. தண்ணீரில் கரிப்புக் குறைந்துகொண்டே வந்தது.

சாமிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும், இல்லையா? இல்லை. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் போன பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு, கரும்பலகைக்கு முன்னால் நின்று, தன் செந்தமிழைக் கம்பீரமாகச் சொன்னார்: "ஆழ்கிணற்றின் அடியினின்று ஆடவன் உரைத்தனன்: நங்காய், கயிற்றினை ஈர்ப்பாயாக, ஈண்டு ஈரமில்லை. அவள் மறுமொழி பகர்ந்தனள்: நாதா, இன்னும் ஒரு முழம் அகழ்வீராக." தரை அப்படியே இருந்தது. சரி, புதிதாக ஒன்று செய்வோம் என்று புத்தகத்தைப் பார்த்தார். எந்த வார்த்தையில் கண்ணை வைத்தாலும் பழைய நோட்ஸ்தான் நாக்கில் வந்து நின்றது. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தவர், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சன்னலோரம் குடத்தை மறந்துவிட்டுப்போன யாரோ ஒருத்தியைத் திட்டினார்.

பரீட்சை நெருங்கிற்று. கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் ஆயர் இல்லத்து மொன்சிஞோர் எரோணிமுஸ், மூத்த சாமியார், எல்லா வருஷமும் அந்தக் கவிதையை மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு கேள்வி போடுகிறவர். ஒருநாள் காலையில் கித்தேரியம்மாவும் தொம்மையும் சாமியின் அறை வாசலில் வந்து நின்றார்கள். இருவர் கையிலும் மண்வெட்டி இருந்தது.

"சாமி, பரீட்சை அன்னைக்கு ஒம்பது பேரும் ஒரே நேரத்துல எழுதுவாங்களாமே, ஒம்பது ஊத்தும் ஒண்ணாத் திறந்தா முப்பது குடத்தோடவா நிக்கும்?" என்றாள் கித்தேரியம்மா. "கோயில் பின்னாடி வறண்டு கிடக்குல்லா குளம், அதைத் தூர் வாரிட்டோம். பரீட்சை ஹாலுல இருந்து வாய்க்காலும் வெட்டியாச்சு. சுவத்துல ஒரு ஓட்டை மட்டும் போடணும், நீங்க ஒரு வார்த்தை சொன்னியன்னா போட்டுருவோம்."

சாமி இரண்டு மண்வெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பரீட்சை உங்களுக்கு வாய்க்காலா?" என்றார். "ஒருத்தன் சொன்னாலே முழங்கால் தண்ணி வருது. ஒன்பது பேர் ஒன்றாக எழுதினால் ஹால் முங்கும், விடைத்தாள் கரைந்துபோகும், தாள் இல்லாவிட்டால் மார்க் இல்லை, மார்க் இல்லாவிட்டால் லத்தீன் இல்லை. என்னைச் சிமெண்ட் எண்ண அனுப்பிவிடுவார்கள். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சாமி" என்றார் தொம்மை, தலையைக் குனிந்துகொண்டு. "ஊருக்கே தெரியும். அதான் கேட்டுட்டுப் போவோம்னு வந்தோம்."

கித்தேரியம்மா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "லாரி வந்து பதினஞ்சு நாளாச்சு. தினம் முப்பது குடம், ஊருக்கு எந்த மூலைக்குப் பத்தும்? குளம் நிறைஞ்சா இந்தக் கோடையைத் தள்ளிருவோம். உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு எங்களுக்கு என்ன வேண்டுதலா?" என்றாள்.

சாமி கதவைச் சாத்திவிட்டார். அவர் முடிவு செய்துவிட்டார். நோட்ஸை எழுதச் சொல்லிவிட வேண்டியதுதான். உருப்போட்டதை எழுதினால் தண்ணீர் வராது, தாள் காய்ந்து இருக்கும், மொன்சிஞோருக்கு அந்தச் செந்தமிழ் என்றால் உயிர், மற்றக் கேள்விகளுக்கும் இப்போது பயல்களுக்குப் பதில் தெரியும். ஒன்பது பேரும் பாஸ். லத்தீன் பிழைத்துக்கொள்ளும். ஊர் எப்படியோ இத்தனை காலம் இருந்ததுபோல இருந்துகொள்ளட்டும்.

பரீட்சை அன்று காலையில் ஹாலுக்கு வெளியே பயல்களை வரிசையாக நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில், "கவிதைக்கு என் நோட்ஸில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்" என்றார். இருபது வருஷமாக எதை எழுதாதே எழுதாதே என்று தொண்டை வறளக் கத்தினாரோ அதையே எழுதச் சொன்னார்.

பயல்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "மறந்துபோச்சு ஃபாதர்" என்றான் ஒருத்தன். எல்லாருக்கும் மறந்துவிட்டிருந்தது. ஆளுக்கு எத்தனை மொழிபெயர்ப்புச் செய்திருப்பார்கள், அதில் நோட்ஸ் எங்கேயோ போய்விட்டது. கடன்காரப் பயல்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சாமி அவசர அவசரமாகப் பைக்குள்ளிருந்து நோட்ஸை எடுத்து, கேட்டு மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாசிக்கத் தொடங்கினார். ஆடவன் உரைத்தனன் என்றார், கயிற்றினை ஈர்ப்பாயாக என்றார், நாதா என்றதும் சிலுவைராசன் கையைத் தூக்கினான்.

"நாதா எங்க இருந்து வந்தது ஃபாதர்? எட்டு வரியில அப்படி ஒரு வார்த்தை இல்லையே. அவ அவனை ஒண்ணும் சொல்லிக் கூப்பிடவே இல்ல. அவளுக்கும்லா தாகம்."

சாமி எட்டு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கவிதையில் நாதா இல்லைதான். இருபது வருஷமாக அவருக்கும் அது தெரியாது, அவரிடம் படித்த ஒருத்தனுக்கும் தெரியாது, இப்போது இந்தச் சோம்பேறிப் பயலுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் காத்துக்கொண்டு கிடந்ததே இதற்குத்தான், வந்து தொலைத்த நேரத்தைப் பாருங்கள். மணி அடித்தது. அவர் நோட்ஸை மடித்துப் பைக்குள் திணித்தார்.

"போங்க. போய் எழுதித் தொலைங்க. உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே எழுதுங்க" என்றார். பிறகு சுவரோரம் நின்ற தொம்மையைப் பார்த்து, "ஓட்டையைப் பெரிதாகவே போடும்" என்று சீறினார்.

மற்றக் கேள்விகளையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பயல்கள் கவிதைக்கு வந்தார்கள். முதலில் ஒரு மேசைக்கு அடியில் ஈரம் கசிந்தது, பிறகு அடுத்த மேசை, பிறகு அதற்கடுத்தது, பிறகு ஒன்பது ஊற்றும் ஒன்றாகச் சேர்ந்து ஹாலின் தரை ஓடுகளைத் தூக்கி எறிந்துகொண்டு, நாற்காலியை மிதக்கவிட்டு, பயல்களின் பேனாவையும் தாளையும் அள்ளிக்கொண்டு, சுவர் ஓட்டை வழியாக வாய்க்காலில் இறங்கிக் குளத்தைப் பார்த்து ஓடிற்று. மொன்சிஞோர் எரோணிமுஸ் மேசைமேல் ஏறி நின்றுகொண்டார். அவர் கைக்குக் கிடைத்த ஒரே விடைத்தாளில் நீலமாக மை கரைந்திருந்தது, ஒரு எழுத்து இல்லை.

"தாள் இல்லை, மார்க்கும் இல்லை" என்றார் அவர், மேசைமேலிருந்தே. "ஒன்பது பேரும் ஃபெயில் என்றுதான் ஃபாதர் நான் எழுதமுடியும். ஆயரிடம் நான் வேறென்ன சொல்ல? நீங்கள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள்."

இடுப்பளவு தண்ணீரில் நின்ற சிங்கராயர் சாமி இரண்டு கையாலும் அள்ளி அவர் முன்னால் நீட்டினார். "குடிச்சுப் பாருங்க மொன்சிஞோர். கரிக்குதான்னு பாருங்க. இதுதான் விடைத்தாள்."

"எனக்குப் பாட்டில் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும்" என்றார் மொன்சிஞோர்.

அதற்குமேல் அவரிடம் பேச என்ன இருக்கிறது? சாமி அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார். பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனார், ஒவ்வொரு ஊற்றுக்கும் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார், நாக்கில் வைத்து நிதானமாகப் பார்த்தார், அந்த மேசைப் பயலின் முகத்தைப் பார்த்து மார்க்கைச் சொன்னார். எண்பது என்றார், எழுபத்தைந்து என்றார், ஒருத்தனிடம் தொண்ணூறு என்று சொல்லிவிட்டு இன்னொரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார், அந்த எண்ணை அவர் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. சிலுவைராசன் மேசையில் மட்டும் தண்ணீர் லேசாகக் கரித்தது. எந்த இடத்தில் தப்பு விட்டிருப்பான் என்று அவருக்குத் தெரியும், நூறு தரம் சொல்லிக்கொடுத்த இடம். "நாற்பது. பாஸ்" என்றார். எதிலும் எழுதப்படாத, எங்கேயும் செல்லாத அந்த மார்க்கைக் கேட்டுவிட்டு அந்தத் தடியன் அழ ஆரம்பித்துவிட்டான்.

வெளியே வாய்க்கால் கரையில் ஊரே நின்றது. சாமி நனைந்த அங்கியோடு வெளியே வந்ததும், பாதி நிரம்பின குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கித்தேரியம்மா ஓடி வந்தாள். "சாமி, பிள்ளைய எல்லாம் பாஸா?" என்று கேட்டாள், கேட்கும்போதே அவளுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது.

"ஒன்பது பேரும் பாஸ்" என்றார் சாமி. "எல்லாருக்கும் சொல்லு, ஒன்பது பேரும் பாஸ். குடத்தை நேராப் பிடி அம்மா, சிந்துது."